எட்டு நாள் காங்கிரீட்

அண்ணா,

வீட்டுக்குப் பின்னால் இரண்டு நாளாக உடைக்கிறார்கள். உன் இன்ஜின் நின்ற மேடையைத்தான். முதல் நாள் உளி இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே டீசல் வாசனை கிளம்பி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக வெயிலிலும் மழையிலும் கிடந்த காங்கிரீட்டுக்குள் அது எங்கே ஒளிந்துகொண்டிருந்ததோ தெரியவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், கையைக்கூடக் கழுவாமல் போய்ப் பின்வாசலில் நின்றேன்.

உன் மருமகளுக்கு, என் பெண்ணுக்கு, தை மாசம் கல்யாணம். பந்தல் போட இடம் வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் கார் நிறுத்த இடம் வேண்டும். அதனால் மேடை போகட்டும் என்று இவர்தான் சொன்னார். இன்ஜினை அந்த வருஷமே பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹாண்டிலை மட்டும் நான் கொடுக்கவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். கூட்டும்போதெல்லாம் துடைப்பத்தில் இடிக்கும்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் தாளவாடிச் சித்தி வீட்டில் தங்கித் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவர்கள். இந்த வீட்டில் மற்ற இருவருக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீ, நீயும் ஆடி மாசத்தோடு போய்விட்டாய். அதனால் யாருக்கும் பயப்படாமல் எழுதலாம்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வாய் இருந்தது. ஊரில் தண்ணீர் முறைக்குச் சண்டை வந்தால் முதல் குரல் உன் குரல்தான். மாட்டு வியாபாரி ஒரு சொல் கூடப் பேசினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாய். அப்படிப்பட்டவன் என் வீட்டில் மட்டும் ஊமையாக உட்கார்ந்தாய். உட்கார்ந்ததோடு போகாமல், அப்படியே செத்தும் போனாய். இனி நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மைசூரில் ஹெப்பாளைத் தாண்டி நாங்கள் இந்த வீட்டைக் கட்டியபோது, இது ரெவென்யூ சைட். வயல்காட்டை மனை மனையாகக் கூறு போட்டு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கீகாரம் கிடையாது, அதனால் கரண்டும் கிடையாது. கம்பம் நடுவதற்கு மனு கொடுத்துக் கொடுத்து இவருக்குச் செருப்பு தேய்ந்தது. தசராவுக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டு ஜொலிக்கும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வானமே மஞ்சளாகத் தெரியும். கீழே இறங்கி வந்தால் சிம்னி விளக்கு. கல்யாணத்துக்கு நீ வாங்கிக் கொடுத்த மிக்ஸி, இங்கே வந்த பிறகு அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வராமல் பரண் மேல் இருந்தது. அதை ஒரு தடவை உன்னிடம் சொல்லி அழுதேன். அழாமல் இருந்திருக்கலாம்.

அழுத மறு வாரமே நீ டெம்போவில் இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினாய். கிணற்றுக்கு மோட்டார் வந்த பிறகு ஹனூரில் உன் தோட்டத்தில் சும்மா கிடந்த பழைய ஆயில் இன்ஜின். இரண்டு பக்கமும் ஆள் இடுப்பு உயரத்துக்கு இரும்புச் சக்கரம். “இது ஓடாது அம்மிணி, நடக்கும்,” என்றாய். “நிமிசத்துக்கு அறுநூத்தம்பது சுத்து. பெட்டிக்கடை ஜெனரேட்டர் மாதிரி கத்திக்கிட்டு ஓடறதில்ல. அதனாலதான் உங்க ஆயுசுக்கும் உழைக்கும்.” இவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாயே. ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவர், இரும்பைக் கண்டால் விடுவாரா? சக்கரத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே மேடை போடலாம் என்று நீ சொன்னாய். நாலடிக்கு மூன்றடி பள்ளம், இடுப்பளவு ஆழம், ஜல்லிக் காங்கிரீட், அதில் இன்ஜினுக்கும் டைனமோவுக்கும் போல்ட். சக்கரம் இரண்டும் சுற்றும்போது உதைக்கிற உதையைப் பூமிதான் தாங்க வேண்டும், இன்ஜின் தாங்காது என்று விளக்கினாய். இவர்தான் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“மகாளய பட்சம் நடக்குதே மச்சான். பட்சத்துல யாராவது அஸ்திவாரம் போடுவாங்களா?”

“காங்கிரீட்டுக்குப் பட்சமெல்லாம் தெரியாதுங்க மாப்பிள்ளை.”

“அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுதே.”

நான் இவர் பக்கம்தான் பேசினேன். புது வேலையைப் பித்ருக்களுக்கு உரிய நாளில் தொடங்க எனக்கும் மனசு வரவில்லை. அமாவாசை கழியட்டும் என்றேன். நீயும் ஒத்துக்கொண்டாய். அந்த இரண்டு வாரமும் ஞாயிறு ஞாயிறாக வந்து இன்ஜினைப் பிரித்து, மண்ணெண்ணெய் விட்டு ஒவ்வொரு சாமானாகக் கழுவினாய். அது மட்டும் பட்சத்தில் செய்யலாமாம், கழுவுவது புது வேலை இல்லையாம். இவர் சொன்ன சட்டத்தைக் கேட்டு நீ மீசைக்குள் சிரித்தாய்.

நவராத்திரி முதல் நாள் மேடை போட்டாய். ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. வீட்டுக்கு வந்த இன்ஜினை அன்றைக்கு ஓட்டிப் பூஜை போடாமல் வேறு எந்த நாளில் போடுவது? இவர் ஃபேக்டரி ஆட்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். தெருவில் இருந்த ஏழு வீட்டுக்கும் நான் சொல்லிவிட்டேன். பட்சத்திலேயே போட்டிருந்தால் காங்கிரீட்டுக்கு இருபத்திரண்டு நாள் ஆகியிருக்கும். நாங்கள் நல்ல நாள் பார்த்ததில் எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நல்ல நாளில் போட்டு, நல்ல நாளில் ஓட்டினோம், நடுவில் இருக்க வேண்டிய நாட்களை மட்டும் விழுங்கிவிட்டோம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இன்ஜினை ஏற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, போல்ட்டை முடுக்கி, பெல்ட்டை மாட்டினாய். ஆனால் பூஜைக்கு நீ இருக்க முடியாது. அன்றைக்கு அவனவன் அவனவன் ஆயுதத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், உன் மோட்டாரும் ஏரும் மண்வெட்டியும் ஹனூரில் உனக்காகக் காத்திருந்தன. காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அடுப்படியில் நின்றே காப்பி குடித்தாய். அப்போது என்னிடம் சொன்னாய்.

“அம்மிணி, நல்லாக் கேட்டுக்கோ. காங்கிரீட் இன்னும் பச்சை. பூசைக்கு அஞ்சு நிமிசம் ஓடட்டும், சாமி கும்புட்டு நிறுத்திப்போடோணும். இருபத்தியோரு நாள் ஆகாம மறுக்கா ஓட்டப்படாது. டீசல் லீவரை இப்படி இழுத்தா நின்னு போகும்.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லீவரை இழுப்பதுபோல் கையைக் காட்டினாய். சரி அண்ணா என்றேன். இவர் உன்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

சாயங்காலம் இன்ஜினுக்குச் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்குச் சந்தனப் பொட்டு. பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. இவர் ஹாண்டிலை மாட்டிச் சுற்றினார், ஒரு இருமல், இரண்டு இருமல், அப்புறம் தொப் தொப் என்று நிதானமாகப் பிடித்துக்கொண்டது. கூடத்தில் பல்பு எரிந்தது. உன் மருமகள் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். தெருவில் எல்லாரும் கை தட்டினார்கள். என் வீட்டில் வெளிச்சம் வந்ததற்கு அடுத்த வீட்டுக்காரி கண் கலங்கினாள் அண்ணா.

ஐந்து நிமிஷம் இருக்கும். இவர் உள்ளே வந்து என்னிடம் மெதுவாக, “நிறுத்திரலாமா?” என்றார்.

டீசல் செலவாகிறது என்று கேட்கிறார் என நினைத்தேன். என் கையில் மிக்ஸி இருந்தது. பரணிலிருந்து இறக்கிக் கழுவித் துடைத்து, தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு மூடியிருந்தேன். “சட்னி அரைச்சுக்கறேன், இருக்கட்டும்,” என்றேன். அவர் சரி என்று போய்விட்டார். நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். ஞாபகம் இருந்தது, இன்னும் கொஞ்சம் என்று இருந்துவிட்டேன். சட்னி ஆயிற்று. அப்புறம் ஃபேக்டரி ஆள் ஒருவர் கொண்டுவந்த டிவியைப் போட்டார்கள், பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்தார்கள், எழுப்ப மனசு இல்லை. மூன்று மணி நேரம் ஓடியது.

சத்தம் மாறியதை முதலில் கேட்டவர் இவர்தான். ஓடினார். டைனமோ பக்கத்து போல்ட் பச்சைக் காங்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு ஆடியிருக்கிறது. லீவரை இழுக்கக் கையை நீட்டிய நேரத்தில் பெல்ட் துள்ளிக் கழன்று கையோடு அடித்து இழுத்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. விளக்கு அணைந்துவிட்டதால் நான் அதைப் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டேன்.

அந்தக் கையோடு லேத்தில் நிற்க முடியாது என்று அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். எத்தனை வருஷம் அச்சுப் போல வேலை செய்த மனுஷன், நட்டு எண்ணிக் கொடுக்க உட்கார்ந்தார். வீட்டில் அவர் கோபம் எங்கே போய் விழும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது உன் மேல் விழுந்தது.

ஒரு வாரம் கழித்து இவருடைய அண்ணன் வந்து உன்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கோர்ட்டில் கேட்பதுபோல் கேட்டார். எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டாய்? மணலைச் சலித்தாயா? கிராமத்து வேலை தெரிந்தவன் டவுனில் வந்து ஏன் கை வைத்தாய்? நீ தண்ணீர் வாங்கிக் குடித்தாய். என்னைப் பார்த்தாய். அப்புறம் இவரையும் பார்த்தாய். இவர் தன் கையில் சுற்றியிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலையை நல்லாத்தானுங்க செஞ்சேன்,” என்றாய். அவ்வளவுதான்.

நான் அடுப்படிக்குப் போய், சூடாக இருந்த காப்பியையே மறுபடி சூடு பண்ணினேன். பொங்கி வழிகிற வரைக்கும் நின்றேன். வெளியே வந்தபோது நீ போய்விட்டிருந்தாய்.

அடுத்த சித்திரையில் உன் மருமகள் பெரிய மனுஷி ஆனாள். தெரட்டிக்குத் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்ட வேண்டும். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று இவரைக் கேட்டேன். “அவரு கட்டுன மேடை போதும், குடிசையும் கட்ட வேணாம்,” என்றார். இவருடைய பெரியம்மா மகளின் கொழுந்தன், பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாத ஒருத்தன், தாய்மாமன் இடத்தில் நின்று என் பெண்ணுக்கு மாலை போட்டான். நீ சொல்லாமலே கேள்விப்பட்டு வந்தாய். அண்ணியும் நீயும் சீர்த் தட்டோடு கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே வா என்று இவர் சொல்லவில்லை. நான் ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டேன். “பாப்பாவுக்கு இந்தச் சேலைக் கலர் எடுக்கும்,” என்றாய். சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போனாய். கட்டியிருந்த பட்டுச் சேலையோடு நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் போ என்று சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

அதன் பிறகு போனில் நல்லது கெட்டதுக்கு நாலு வார்த்தை. மழை பெய்ததா, உடம்பு எப்படி. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த செய்தி வந்து, நாங்கள் ஹனூர் வந்து சேர்ந்தபோது உன்னை எடுக்கத் தயாராக இருந்தார்கள். இவரும் வந்தார். தூரத்தில் நின்றார்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். மேடை உடைக்க வந்த மேஸ்திரி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “யாரு மேடம் இதைப் போட்டது? சக்கத்தா, நல்லா ஸ்ட்ராங்கா போட்டிருக்காங்க, ஒடையவே மாட்டேங்குது,” என்றார். பிறகு டைனமோ பக்கத்து மூலையைக் காலால் தட்டிக் காட்டினார். “இது மட்டும் பச்சையா இருக்கறப்பவே ஆட்டம் வாங்கியிருக்கு. போட்டவர் மேல தப்பில்ல. யாரோ அவசரப்பட்டுட்டாங்க.”

இவர் என் பின்னால் நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இவரே சொன்னார், “நாளைக்கு ஹனூர் போய் அண்ணியைக் கூப்பிட்டுட்டு வந்திரலாம். மச்சான் பையன் வந்து மாமன் இடத்துல நிக்கட்டும்.” பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து மச்சான் என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

இன்று காலை பத்திரிகை, தேங்காய், பழத்தோடு போனோம். ஹாண்டிலையும் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். உன் பொருள், உன் வீட்டில் சேரட்டும் என்று நினைத்தேன். அண்ணி, “வாங்க, உக்காருங்க,” என்றாள். என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டவள். மோர் கொடுத்தாள். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “பையன் வருவான். கூப்புட்டா போகோணும்னு அவரு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு,” என்றாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்கு அவரு உங்ககிட்டயும் சொன்னாரு, பஸ் ஸ்டாண்டுல வச்சு அவங்ககிட்டயும் சொன்னாரு, அஞ்சு நிமிசத்துக்கு மேல ஓட்ட வேண்டாம்னு. ஒருத்தருக்கு மறந்தாலும் இன்னொருத்தருக்கு ஞாபகம் இருக்கும்னுதான் தனித்தனியாச் சொன்னாராம். பஞ்சாயத்து வச்சுக் கேட்டாங்களே, அன்னிக்கு ஊட்டுக்கு வந்து என்ன சொன்னாருன்னு தெரியுமா? நான் வாயத் தொறந்தா ரெண்டு பேத்துல ஒருத்தரைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும், அவங்களே ஒருத்தர் நாளைக்குச் சொல்லிருவாங்கன்னாரு. தெரட்டிக்குக் கூப்புடாமயே வந்தது எதுக்குன்னு நினைச்சீங்க? அன்னிக்காச்சும் சொல்லுவீங்கன்னுதான்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். “நிறுத்திரலாமா” என்று அன்றைக்கு இவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு உன் வீட்டுக் கூடத்தில், கையில் மோர் டம்ளரோடு விளங்கியது. இவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் படுத்து, ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுப் பிள்ளையை வளர்த்து, ஆளுக்கொரு பக்கம் உன்னை மிதித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் நல்லபடியாகக் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

கிளம்பும்போது துண்டைப் பிரித்து ஹாண்டிலை நீட்டினேன். அண்ணி வாங்கவில்லை. “எங்க கெணத்துல மோட்டார் ஓடுதுங்க. இத வச்சு நாங்க என்ன பண்றது? நீங்களே வச்சுக்கங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

கொள்ளேகால் வரைக்கும் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஹாண்டில் என் மடியில் இருந்தது. ஒரு இரும்பு இத்தனை கனம் கனக்குமா என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. மைசூர் பஸ்ஸில் மாறி உட்கார்ந்த பிறகு, “உன்கிட்டயும் சொன்னாரா?” என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டில் உன் மருமகள் கதவைத் திறந்தாள். துண்டைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, இதைக் குடுக்கத்தானே போனீங்க?” என்றாள். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் கூடத்தில் நீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது ஞாபகம் வந்தது. நான்தான் சொன்னேன். பட்சத்தில் தொடங்கி, சட்னி வரைக்கும், சூடான காப்பியைச் சூடு பண்ணியது வரைக்கும் சொன்னேன். பாதியில் இவர், “எங்கிட்டயும் சொல்லியிருந்தாரும்மா,” என்றார். அவள் எங்கள் இரண்டு பேரையும் திட்டவில்லை. திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இதை மாமாகிட்ட எப்பவாவது சொன்னீங்களாம்மா? உங்க மேல தப்பில்லண்ணா, எங்க தப்புதான்னு?”

இல்லை என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்தேன். பாதி உடைந்த மேடை எதிரே இருக்கிறது. ஹாண்டில் பக்கத்தில் இருக்கிறது.

உன் மேல் தப்பில்லை அண்ணா. எங்கள் தப்புதான்.